மச்சான் மலை பார்த்த கதை

ஒன்றும் தெரியாதவனை நம்பிக்கூடப் பயணம் கிளம்பலாம். வழி தவறினால் நாலு பேரைக் கேட்பான். எல்லாம் தெரியும் என்று நினைப்பவன் யாரையும் கேட்க மாட்டான். நான்கு வருடங்களுக்கு முன்பு நான் அந்த இரண்டாவது ஆள். கல்லூரி இறுதியாண்டு, கைப்பேசி நிறைய ரயில் கால அட்டவணை, தலை நிறையக் கர்வம்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், சவூதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். அங்கே கிரேன் ஓட்டுகிறார். உயரத்தில் உட்கார்ந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல். அவருடைய கைப்பேசித் திரையில் எப்போதும் ஏதோ ஓர் அருவியின் படம் இருக்கும்.

"இத மாதிரி ஒண்ண நேர்ல பாத்துட்டுப் போயிடணும் மாப்ள. அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சுதான்."

"விடுங்க மச்சான், நான் பாத்துக்கிறேன்."

(இன்றைக்கும் நான் இந்த வாக்கியத்தைச் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள்.)

திட்டம் போட்டேன். பெங்களூரிலிருந்து மங்களூர், அங்கிருந்து கோவா, கோவாவிலிருந்து தூத்சாகர் அருவியை உரசிக்கொண்டு ஹூப்ளி. மூன்று நாள், மூன்று மலைப்பாதை, மூன்றும் பகல் ரயில். மச்சான், அக்கா, உம்மா, நான் என்று நான்கு பேர். ஊர் திரும்பிய மறுநாள் மச்சானுக்கு விமானம்.

ஒரே ஒரு பயம் இருந்தது. பரங்கிப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு உயரம் என்றால் சிதம்பரம் ரயில்வே மேம்பாலம்தான். கல்யாணமான புதிதில் வேனில் ஏற்காடு போனபோது, மூன்றாவது வளைவிலேயே அக்கா மச்சானின் புதுச் சட்டையில் வாந்தி எடுத்தாள். ஆகவே கிளம்பும் முன் இரண்டு அட்டை வாந்தி மாத்திரை வாங்கினேன். ரயிலுக்குக் கொண்டை ஊசி வளைவு கிடையாது என்பது கால அட்டவணையில் போட்டிருக்கவில்லை.

அட்டைகளை உம்மாவிடம் கொடுத்தேன். "இது உங்க பொறுப்பும்மா. யாரு வேணாம்னு சொன்னாலும் விடாதீங்க." நான் மட்டும் போடவில்லை. வழிகாட்டி தெளிவாக இருக்க வேண்டுமல்லவா?

முதல் நாள் மதியம் ரயில் மலையில் இறங்கத் தொடங்கியது. "மச்சான், இடது பக்கம் பாருங்க, பள்ளத்தாக்கு" என்று திரும்பினேன். மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். உலுக்கினேன். மச்சான் ஒரு கண்ணைத் திறந்து, "சூப்பர் மாப்ள" என்று ரயில் மின்விசிறியைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்தார். நேற்றிரவு ரயிலில் தூக்கமில்லை, அசதி ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். யாரும் வாந்தி எடுக்கவில்லையே என்று எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாளும் அதே கதை. சுரங்கம், பாலம், ஆறு, மறுபடி சுரங்கம். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அவர்கள் பார்த்தது இமையின் உட்புறத்தை.

கோவா விடுதியில்தான் மாத்திரை அட்டையின் பின்பக்கம் படித்தேன். தூக்கம் வரும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு மச்சானிடமும் அக்காவிடமும் சொன்னேன். "நாளைக்கு ஒருத்தரும் போடாதீங்க." உம்மா அப்போது பக்கத்து அறையில் மக்ரிப் தொழுதுகொண்டிருந்தார். தொழுது முடித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை. நல்ல மழை. அருவி பொங்கும் என்று ரயிலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மச்சான் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. உம்மா மாத்திரையை நீட்டினார்.

"இன்னிக்கு வேணாம் மாமி."

உம்மா மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டார். சற்று நேரம் கழித்துப் பிளாஸ்கிலிருந்து இஞ்சி டீ ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர். கொஞ்சம் கசந்தது. இஞ்சி முற்றல் என்று நினைத்தேன்.

ரயில் ஏற ஏற மச்சானின் தலை சாய்ந்தது. அக்கா ஏற்கெனவே ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்திருந்தாள். எனக்கும் கண்ணுக்குள் மணல் போட்டது போல இருந்தது. சந்தேகத்தோடு உம்மாவைப் பார்த்தேன்.

"டீயில பொடி பண்ணிப் போட்டுட்டேன். யாரு வேணாம்னாலும் விடாதீங்கன்னு நீதானே சொன்ன?" என்றார், கொட்டாவியோடு. அவரும் ஒரு டம்ளர் குடித்திருந்தார்.

மச்சானின் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். தொடையில் கிள்ளினேன். "அருவி மச்சான், அருவி" என்று கெஞ்சினேன். "நீ பாத்து வை மாப்ள" என்றார் தெளிவாக. அதோடு சரி. கடைசி முயற்சியாகக் கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு ஜன்னல் பக்கம் நீட்டினேன். கை நீண்டது வரை நினைவிருக்கிறது.

ஹூப்ளியில் யாரோ எழுப்பினார்கள்.

மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நடைமேடையில் நின்று, வந்த தண்டவாளத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோவில் இருபது நிமிடத்துக்கு என் செருப்பு மட்டும் தெரிகிறது. ஆனால் அருவியின் இரைச்சல் முழுதாகப் பதிவாகியிருக்கிறது. மற்ற பயணிகள் 'ஹோ'வென்று கத்துவதும், இடையே மூன்று வகைக் குறட்டையும் கேட்கின்றன. மச்சான் அதைச் சவூதிக்குக் கொண்டுபோனார். அறையில் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறாராம்.

"தண்ணி சத்தம் ஜோரா இருக்கு. அந்தப் பெரிய கொறட்ட யாருது மாப்ள?"

"உங்களுதுதான் மச்சான்."

அடுத்த விடுமுறை வீடு கட்டுவதில் போயிற்று. அவர் இன்னும் ஓர் அருவியும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலோ பகலில் யார் கண்ணயர்ந்தாலும் 'மலை பாக்குறாங்க, எழுப்பாதீங்க' என்பதுதான் வழக்கம். அக்கா மகளுக்கு மூன்று வயது. தூக்கத்துக்கு அவள் அறிந்த பெயர் அது ஒன்றுதான். போன வாரம் பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்ததும், "மிஸ், எனக்கு மலை பாக்கணும்" என்றிருக்கிறாள். பாவம் அந்த டீச்சர், பிள்ளை ஆசைப்படுகிறதே என்று புத்தகத்தில் மலைப்படம் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறார்.

பக்கத்துக்குப் பக்கம் அழுதாளாம்.