நாற்பது நிமிடச் சாட்சிக்காரர்

கூடத்தில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மூன்று முறை. சமையலறையில் மெர்சி காபி அடுப்பை அணைத்துவிட்டாள். மூன்றாவது செருமலுக்குப் பிறகு நாற்பது நிமிடத்துக்கு அங்கே காபிக்கு வேலையில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வாசகர்களே, செருமியவர்தான் சாட்சிக்காரர். கோர்ட் சாட்சி அல்ல. தான் பாவியாக இருந்து மனந்திரும்பிய கதையைச் சபையில் எழுந்து சொல்வதற்கும் சாட்சி என்றுதான் பெயர். சபையில் ஐந்து நிமிடத்தில் பாஸ்டர் மணியடித்துவிடுவார். வீட்டில் மணி ஏது? ஆகவே இளவயதுப் பிள்ளை ஒன்று வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், சாட்சிக்காரருக்குக் கண் பனிக்கும், குரல் தழுதழுக்கும், டிவி வாயடைக்கும், இடைஞ்சலென்று ஃபேனும் நிற்கும், பிள்ளைக்கு வியர்க்கும், அந்த வியர்வையை அவர் மனம் உருகுவதன் அடையாளமாக எடுத்துக்கொள்வார்.

இன்று சத்துவாச்சாரியிலுள்ள அவர் வீட்டில் மாட்டியவன் புகழேந்தி. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் மெர்சியின் கணவரான இந்தச் சாட்சிக்காரர் ஜெபசீலனின் கீழ் வேலை செய்பவன். வயது இருபத்திரண்டு.

"சார், எங்கம்மாவுக்கு நாளைக்குக் காலைல ஆபரேஷன். அதான் உங்ககிட்ட..."

"இரு தம்பி, அங்கதான் வர்றேன். உன் வயசுல நான் எப்பேர்ப்பட்ட பாவி தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. மெர்சிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சொன்ன சாட்சியில் அவர் செய்திருந்த பாவம் ஒரே ஒரு பீடி, அதுவும் பாதி. மறுவருடம் அது முழுப் பீடியாயிற்று, பிறகு ஒரு கட்டுப் பீடியாயிற்று, மகள் பிறந்த வருடம் சீட்டாட்டம் சேர்ந்தது, இப்போது ஆற்காட்டில் பத்துப் பேர் கும்பலுக்கே தலைவராகி, பாலாற்று மணலில் கத்தியோடு ஓடிக்கொண்டிருக்கிறார். கத்தி இந்த ஈஸ்டருக்குப் பிறகு வந்தது.

"சார், ஏழு மணிக்குள்ள வார்டுக்குப் போகணும். அம்மா தனியா பயந்துனு இருக்குது. ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டு..."

"பயமா? பயம்னா இன்னான்னே தெரியாதவன்பா நான்."

அந்த ஒரு விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்கக் கூடாதா? கேட்டால் கதை நின்றுவிடுமே. சாட்சிக்காரர் இளம் ஆத்துமாக்களுக்காகக் கண்ணீர் விடுவார். அவை வாயைத் திறந்தால் மட்டும் பொறுக்க மாட்டார்.

ஆறரை மணிக்கு, கதையின் நடுவே, பையனிடம் கொடுக்க ஏசுவைப் பற்றிய கைப்பிரதிகளைத் தேடி ஜெபசீலன் உள்ளறைக்குப் போனார். புகழேந்தி எழுந்து வாசலுக்கு வந்துவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இன்னா தம்பி கேக்க வந்த?" என்றாள் சமையலறையிலிருந்து வந்த மெர்சி.

"ஏசப்பாகிட்ட எப்படிக்கா வேண்டிக்கறது? பக்கத்து பெட்ல ஒரு அம்மா ஜெபம் பண்ணாங்க. அதப் பாத்துட்டு எங்கம்மா, எனக்கும் அந்த மாதிரி பண்ணுடான்னுச்சு. எங்க வீட்ல யாருக்கும் தெரியாதுக்கா."

"இப்ப எங்கிட்ட பேசறல்ல, அப்படிப் பேசு. பயமா இருந்தா பயமா இருக்குன்னே சொல்லு. கேப்பாரு. அம்மா பேரு?"

"பச்சையம்மா."

மெர்சி நின்ற இடத்திலேயே கண்ணை மூடினாள். "ஏசப்பா, பச்சையம்மாவுக்குப் பயமா இருக்குது. நீங்க கூட இருங்க. ஆமென்."

"இவ்ளோதானாக்கா?"

"இவ்ளோதான். கிளம்பு, டைம் ஆவுது."

அவன் படியிறங்கி ஓடினான். கைநிறையக் கைப்பிரதிகளோடு வந்த ஜெபசீலன் காலி நாற்காலியைப் பார்த்துத் திகைத்தார்.

"போய்ட்டானா? நான் இன்னும் மனந்திரும்பவே இல்லியே மெர்சி."

சிரிக்கிறீர்கள். சரி, போன வாரம் ஒரு சின்னப் பிள்ளை ஏதோ கேட்க உங்களிடம் வந்ததே, நீங்களும் உங்கள் இளமைக் காலத்தை எடுத்துவிட்டீர்களே, அது என்ன கேட்க வந்தது என்று ஞாபகமிருக்கிறதா? இல்லையென்றால் தொண்டையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

புகழேந்தி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த மெர்சி, கதவைச் சாத்திவிட்டுக் காபி அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.