டொக்கு அண்ணாச்சியும் எங்கள் வீட்டு மத்தும்

தாமிரவருணிக் கரையில் கிறுக்கர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால், மரத்தைத் தட்டித் தட்டியே ஒரு ஊரைக் கிறுக்காக்கியவர் எங்கள் டொக்கு அண்ணாச்சி ஒருவர்தான்.

இரண்டாவது ஜெர்மன் யுத்தத்துக்குச் சில வருஷம் முந்திய அம்பாசமுத்திரம். அவர் நெல் வியாபாரி, எங்களுக்கு அடுத்த வீடு. எந்த மரச்சாமானைக் கண்டாலும் நடுவிரலை மடக்கி 'டொக்' என்று ஒரு தட்டு. அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். என் அம்மா உட்பட ஊருக்கே அவர் அண்ணாச்சி.

வினை காயல்பட்டினத்திலிருந்து வந்தது. அங்குள்ள ரத்தின வியாபாரி ஒருவர், கொழும்பில் வாங்கிய ஜப்பான் விளையாட்டுச் சாமான் ஒன்றை இவருக்குக் கொடுத்துவிட்டார். ஒரு கைப்பிடி, அதன் தலையில் சின்னக் கிண்ணம், நூலில் கட்டிய மரப்பந்து. பந்தை மேலே சுண்டிக் கிண்ணத்தில் ஏந்த வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சித்திரை வெயிலிலேயே பந்து கீறல் விட்டு விரிந்துவிட்டது.

"ஏலே, சப்பான்காரன் மரம் நம்ம வெயிலுக்குத் தாங்காதுலே. தாங்குத மரத்தை நான் கண்டுபிடிக்கேன், பாரு" என்றார் என்னிடம்.

அன்றைக்கே நான் ஊரைவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

மரம் கடைகிற கடைசல் பட்டறையே கதியென்று கிடந்தார். வேப்பம் பந்து பிளந்தது. பூவரசம் பந்து தக்கை போல ஆடியது. புளியம் பந்து கிண்ணத்தை உடைத்தது. தோற்றுப்போன பந்துகளை எல்லாம் எங்கள் முற்றத்தில் எறிவார். அதில் ஒன்றை மிதித்து விழுந்த என் அப்பா, படுத்த படுக்கையாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். சாவு விழுந்த ஒரு துஷ்டி வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது, இவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தட்டி, "பலா... நல்லா வெளஞ்சிருக்கு" என்றார். நான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். வரும் வழியில் வாசல் நிலையையும் தட்டினார்.

கடைசியில் ஒரு ஞானம் பிறந்தது.

"மரம் எதுங்கதுல ஒண்ணுமில்லலே. அது என்ன குடிச்சிருக்குங்கதுதான் விசயம். நெய்ப்பசை குடிச்ச மரம் விரியவே விரியாது."

இதைச் சொல்லிவிட்டு எண்ணெய்ச் செக்கைத் தட்டப் போனார். செக்குக்காரர் சாட்டையோடு துரத்தினார்.

அப்போது என் தங்கை கோமதிக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு ஸ்ரீவைகுண்டம். சீரில் எது குறைந்தாலும் அம்மா பொறுத்துக்கொள்வாள், ஒரு மத்தைத் தவிர. அவள் தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர் மத்து அது. மோரும் வெண்ணெயும் குடித்துக் குடித்து, கறுத்து வழவழவென்று இருக்கும். அது கோமதியோடு போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

அண்ணாச்சி வந்தார். "தாயி, உங்க மத்தைக் கொஞ்சம் தாங்க. கடையணும்."

அவர் வீட்டு மத்து உடைந்துவிட்டது போலிருக்கிறது என்று அம்மா நினைத்தாள். "அதுக்கென்ன அண்ணாச்சி, நல்லாக் கடைஞ்சுட்டுக் கொண்டாங்க."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சீர்ச் சாமான்களை அடுக்கும்போது, அவரே சிரித்த முகத்தோடு வந்து நின்றார். கையில் பளபளவென்று ஒரு கிண்ணமும் பந்தும்.

"கடைஞ்சாச்சு தாயி!"

"மத்து எங்க அண்ணாச்சி?"

"இதான் தாயி மத்து. தண்டு கைப்பிடியாச்சு, தலை கிண்ணமும் பந்துமாச்சு."

தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் ஒரே சொல்லை வைத்த புண்ணியவான் யாரென்று அன்றைக்குத்தான் தேடினேன். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோமதி அழ ஆரம்பித்தாள்.

"நீங்க மனுசந்தானா அண்ணாச்சி?" என்று கத்தினேன்.

"கேட்டுத்தானலே வாங்கினேன்? கடையணும்னு சொன்னேன்லா! மரத்தைப் பாருலே முதல்ல!" என்று பந்தைச் சுண்டினார். அது நேராக வந்து அவர் நெற்றியில் விழுந்தது. டொக்!

"சத்தத்தைக் கேட்டியளா? என்னா மரம்!"

அழுதுகொண்டிருந்த கோமதி பக்கென்று சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. அண்ணாச்சி அம்மாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தார். சாமானைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு புது மத்தோடு வந்தார்.

"என் கட்டில் காலு தாயி. எங்க அப்பா காலத்து ஈட்டி மரம். மோர் குடிச்சுப் பழக்கமில்ல. பைய பழகிக்கிடும்."

அம்மா அதை வாங்கிச் சீரில் வைத்தாள். பிறகு உள்ளே போய் அந்தக் கிண்ணத்தையும் பந்தையும் எடுத்து வந்து, அதன் பக்கத்திலேயே வைத்தாள். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று முதல் அவர் கட்டிலின் நாலாவது கால் ஒரு கவிழ்த்த மரக்கால். நெல் அளக்கும் சாமான் அதற்கும் ஆயிற்று.

அண்ணாச்சி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் கோமதி இன்னும் அந்தக் கட்டில் காலில்தான் தயிர் கடைகிறாள். பந்து மாடக்குழியில் இருக்கிறது. இத்தனை கோடைக்கும் அதில் ஒரு கீறல் இல்லை. போகும்போதெல்லாம் அதை எடுத்து, யாரும் பார்க்காத சமயம் என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொள்வேன். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் ஊர் திரும்ப எனக்கு மனசு வருவதில்லை.