எலுமிச்சம்பழம் கட்டிய போன்

பிலிமத்தலாவையில் வெள்ளிக்கிழமை பஸ் நிற்பது கடைத்தெருவுக்காக அல்ல, ஸ்டொப் சாமிக்காக. கொண்டக்டரே "சாமி ஹோல்ட்" என்றுதான் கத்துகிறான்.

வரிசையில் நிற்பவர்கள் கையில் தேங்காய் இல்லை, பூத்தட்டு இல்லை. போன். வருகிற மாதத்துத் தங்கத்தை, கண்ணால் காணாமலே, இன்றைக்கு ஒரு விலைக்கு வாங்கி விற்கிற வியாபாரம் அதற்குள் நடக்கிறது. நட்டமும் அதற்குள்ளேதான் வரும். அந்த நட்டத்தை மறிக்க, 'ஸ்டொப்' பண்ணத்தான் சாமி. ஆள் வேறு யாருமில்லை, முந்தி பல்லேகலயில் இதே வியாபாரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த மோகனராஜ்தான். தாடி பிறகு வந்தது.

வாத்திமார் நின்றார்கள். கழுத்துப்பட்டி கட்டிய வங்கிக்காரர் ஒருவர் நின்றார். மூட்டை தூக்குகிற நானும் நின்றேன்; கும்பிட அல்ல, ஞானேஸ்வரி அக்காவைத் திருப்பிக் கூட்டிப் போக. தேயிலைக் கொழுந்தெடுத்தே முதுகு வளைந்த அக்காவுக்கு, வேலையை விட்டதும் கிடைக்கிற சேமலாப நிதி கைக்கு வந்திருந்தது. ஆயுளுக்கும் அவ்வளவுதான். அதைத் தன்னிடம் கொடுத்தால் 'பெரிய பூசை'யில் வைத்துப் பெருக்கித் தருவதாகச் சாமி வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்குத்தான் கொடுக்கிற நாள். பொட்டலம் முந்தானைக்குள் இருந்தது. வேண்டாம் என்ற என்னை, படித்தவங்களே நிற்கிறாங்க, உனக்கென்னடா தெரியும் என்று வாயடைத்து விட்டது அக்கா.

சாமியின் முறை இதுதான். போனை வாங்கித் திரைக்குப் பின்னே போவார். மணி அடிக்கும். சாம்பிராணி புகையும். திரும்பி வரும்போது போனில் ஒரு எலுமிச்சம்பழம் மஞ்சள் நூலால் கட்டியிருக்கும். இனி விலை விழுந்தால் அம்மனே தங்கத்தை விற்று நட்டத்தை நிறுத்தி விடுவாள். விற்றாள்தான், எல்லாரும் பார்த்தார்கள். சில நாள் விலை தடாலென்று விழுந்து, சொன்ன விலைக்கும் கீழே விற்றுப் போகும். அது வீட்டுத் தீட்டு என்பார் சாமி. சிலருக்கு, இந்த விலைக்கு இறங்கினால் அம்மன் வாங்குவாள் என்ற தங்கம், அந்த விலைக்கு வராமலே ஏறிப் போகும். அது முந்தின நாள் தின்ற கருவாடு. அம்மன் மட்டும் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

சாமியைக் கெடுத்தது அந்தப் பழத்தின் சாறு. சாறு வடிந்து சார்ஜ் ஏறாமல் போன போன்கள் எல்லாம் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற ஜஹானாவின் மேசைக்கு வந்தன. ஒன்றுக்குள்ளும் அவள் அம்மனைக் காணவில்லை. இந்த விலைக்கு இறங்கினால் விற்று விடு என்று விரலால் அழுத்தி வைத்த ஓடர், ஒரு கட்டளைதான் இருந்தது. அதை யாரும் போடலாம், பூசை கேட்காது. விலை தாவி விழுந்தால் அந்த ஓடரும் கீழேதான் விற்கும். அது சந்தை, தீட்டு இல்லை என்றாள் ஜஹானா. நான் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. அதனால் ஜஹானாவே கடையைச் சாத்திவிட்டு இரண்டு போனோடு வந்திருந்தாள். இரண்டிலும் ஆகச் சின்ன அளவில் ஒரே தங்கத்தை வாங்கி வைத்திருந்தாள்.

ஒன்றைச் சாமியிடம் கொடுத்தாள். பழத்தோடு திரும்பி வந்தது. சாமி அடுத்த போனோடு உள்ளே போனதும் வரிசைக்குத் தூக்கிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. பழத்தத் தொடல்ல. நூலத் தொடல்ல. உள்ளுக்கு ஈக்கிற ஓடர மட்டும் அழிக்கிறன்."

அதே விலைக்கு விற்கிற ஓடரைப் பழமில்லாத போனில் போட்டாள். இரண்டையும் ஒரு கதிரையில் வைத்தாள்.

அமெரிக்காவில் சந்தை திறக்கிற பின்னேரம். தங்கம் சரிந்தது. வெறும் போன் ஒரு தரம் கிணுங்கி, விற்றாயிற்று என்று காட்டிவிட்டுச் சும்மா கிடந்தது. பழம் கட்டிய போனில் நட்டம் ஏறியது, ஏறியது, நிற்கவே இல்லை. பழம் மட்டும் நல்லாய் மணத்தது. வங்கிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மன் தூங்குகிறாளா என்று ஜஹானா திரையைப் பார்த்துக் கேட்டாள். சாமி வந்து போனைப் பிடுங்கினார். தட்டித் தட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"ஏம்மா, போட்ட ஓடர அழிச்சு வச்சா எப்படி விக்கும்?"

அக்காதான் வாயைத் திறந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிறையைக் குறைக்கிற கணக்கப்பிள்ளையை மறிக்கிற அதே குரல்.

"அப்ப பழம் என்னத்துக்கு சாமி?"

பழம் பக்திக்கு என்றார் சாமி. மணி என்னத்துக்கு என்று ஒருவர் கேட்டார். திரை என்னத்துக்கு என்று இன்னொருவர் கேட்டு, கேட்ட கையோடு அதைப் பிடித்து இழுத்தார். உள்ளே அம்மன் படம்கூட இல்லை. ஒரு மேசை, கூடை நிறைய எலுமிச்சம்பழம்.

அக்கா முந்தானையை இறுக்கி முடிந்தது. "வாடா தம்பி, பஸ்ஸு போயிரும்."

பின்னாலே வங்கிக்காரர் ஓடி வந்து, பழம் வாடின பழமாக இருந்திருக்குமோ என்று ஜஹானாவிடம் மெதுவாகக் கேட்டார்.

அடுத்த வெள்ளி சாமி வீட்டில் பூட்டுத் தொங்கியது. பூட்டிலும் யாரோ ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள்.

தங்கம் இவ்வளவுக்கு இறங்கினால் விற்று விடு என்று போனுக்கு முதலே சொல்லி வைக்கிறோம். இவ்வளவுக்கு மேல் ஒருத்தன் புளுகினால் எழும்பிப் போ என்று சொந்த மூளைக்குச் சொல்லி வைக்க மட்டும் ஏன் சாமி தேடுகிறோம்?