ஜன்னலை மறைத்த நாற்காலி

நாற்காலி வந்து இறங்கியதிலிருந்து ஜன்னலைக் காணவில்லை.

ஜன்னல் அங்கேதான் இருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி இருந்தது. கருத்த மரம், ஆள் உயர முதுகு, கைப்பிடி முனைகளில் பக்கத்துக்கொரு சிங்கமுகம். நூலகர் அதில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். எழுத்து தெரியவில்லை. சிங்கங்கள் மட்டும் தெரிந்தன.

அவர் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. விடுமுறை நாளில், ஜன்னலோரமாக, யாரும் பேச்சுக் கொடுக்காமல் உட்கார்ந்து படிக்க வேண்டும். இத்தனை வருடமாக அதற்கு ஒரு மடக்கு நாற்காலி போதுமானதாக இருந்தது. போன மாதம் மச்சான் வந்து அதில் உட்கார்ந்தார். நாற்காலி மடங்கியது. மச்சானை நிமிர்த்த முடிந்தது, நாற்காலியை நிமிர்த்த முடியவில்லை.

"வீடு பழசு. அதுக்கு ஏத்த மாதிரி பழைய நாற்காலியா ஒண்ணு பாருங்களேன்" என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் தவறில்லை. தவறு கடையில் நடந்தது.

நூலகர் எதையும் யோசித்துத்தான் சொல்வார். வாக்கியத்தை மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்தி, ஒழுங்காக வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். நூலகத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பழைய மரச்சாமான் கடைக்காரர், மௌனம் சம்மதம் என்ற ஒரே பழமொழியை முதலாகப் போட்டுத் தொழில் நடத்துகிறவர்.

"இது உங்க வீட்டுக்குப் பொருந்தும்தானே சார்?"

'ஹாலின் அளவைப் பார்த்தால் இது சற்றுப் பெரிதோ என்று' என்பதுவரை நூலகர் எழுதி முடித்திருந்தார்.

"ரொம்ப சந்தோஷம்! வச்சுப் பாருங்க. பொருந்தினப்புறம் காசு. பொருந்தலேன்னா, பொருந்த வைக்கிறது என் பொறுப்பு."

வண்டிக்காரர் சிங்கங்களைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார்.

"ஜன்னல் எங்கேங்க?" என்றாள் மனைவி அன்று மாலை. பிறகு, "போய்த் திருப்பி எடுத்துக்கச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

நூலகர் போனார். கடை வாசலில் நின்று சொல்ல வேண்டியதை யோசித்தார். அவர் முகத்தைப் பார்த்த கடைக்காரரே எழுந்து கூட வந்துவிட்டார். ஹாலின் நடுவில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"நாற்காலி மேல தப்பில்ல சார். வெளிச்சம்தான் பத்தல."

மறுநாள் பித்தளைத் தண்டும் குஞ்சம் வைத்த குடையுமாக ஒரு நிலைவிளக்கு வந்தது. அதைப் போட்டதும் சோபாவின் கிழிசல் தெரிந்தது. இத்தனை நாள் அதை மறைத்து வைத்திருந்தது இருட்டுதான்.

"இந்த சோபா ஒட்டாம நிக்குது பாருங்க. பெரிய மனுஷங்க நடுவுல சின்னப் பையன் வந்து உக்காந்த மாதிரி" என்றார் கடைக்காரர். சோபா போயிற்று. அந்த இடத்தில் பளிங்குப் பலகை பதித்த வட்ட மேசை வந்தது. மேசை வந்ததால் சமையலறைக்குப் போகும் வழி குறுகியது. மனைவி பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தாள்.

"நான் என்ன நண்டா?" என்று மேசையைச் சுற்றி வரும்போதெல்லாம் கேட்டாள்.

வழியைப் பெரிதாக்க இரும்பு பீரோவையும் டிவி ஸ்டாண்டையும் அப்புறப்படுத்தி, எல்லாவற்றையும் ஒரே மர அலமாரியில் அடக்கிவிடலாம் என்றார் கடைக்காரர். அலமாரி வந்தது. வாசல்வரைதான் வந்தது. ஒரு மணி நேரம் அதைச் சாய்த்தார்கள், படுக்க வைத்தார்கள், கெஞ்சினார்கள். கடைசியில் கதவைக் கழற்றினார்கள். அலமாரி உள்ளே போனது. கதவு மட்டும் மறுபடி மாட்ட வரவில்லை.

"கவலைப்படாதீங்க. தச்சர் வர்ற வரைக்கும் இது இருக்கட்டும்" என்று கதவிருந்த இடத்தில் பூவேலை செய்த மரத் தட்டி ஒன்றை நிறுத்தினார் கடைக்காரர். கதவென்றால் தட்ட வேண்டும். தட்டி என்றால் தள்ளிவிட்டு வரலாம்.

முதலில் வந்தது மச்சான்.

"மாப்ள, டிக்கெட் எங்க வாங்கணும்?"

"எதையும் தொடாத அண்ணா. நீ உக்காந்ததுலதான் இவ்வளவும் ஆரம்பிச்சுது" என்றாள் மனைவி.

மச்சான் நின்றபடியே டீ குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பின் தெரியாதவர்களும் வந்தார்கள். கடைக்காரர் முன்னால் வருவார். "நமக்குத் தெரிஞ்சவங்க சார். வீட்டுல வச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்னாங்க." வந்தவர்கள் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்கள், அலமாரியின் முதுகைத் தட்டிப் பார்த்தார்கள். ஆனால் நாற்காலியில் நூலகர் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. நூலகத்தில்கூட அவருக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஊருக்கு வெளியே விடுதி நடத்தும் ஒரு அம்மா வந்து வெகுநேரம் நின்றார். விளக்கைப் பார்த்தார். சிங்கங்களைப் பார்த்தார். நூலகர் ஒரு பக்கத்தைப் புரட்டும்வரை காத்திருந்து அதையும் பார்த்தார்.

"அப்படியே பொருந்துது. இதுல எதையும் மாத்தக் கூடாது" என்று கடைக்காரரிடம் கிசுகிசுத்தார்.

அவரை அனுப்பிவிட்டு வந்த கடைக்காரர், நாற்காலிப் பக்கம் குனிந்தார். "சனி ஞாயிறுல சார் சும்மாதானே இருப்பீங்க?"

'சும்மா என்று சொல்லிவிட முடியாது, படிப்பதும் ஒரு' என்று நூலகர் தொடங்கியிருந்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார்!"

அன்று இரவு மனைவி மேசையைச் சுற்றி வரும்போது இடுப்பில் இடித்துக்கொண்டாள். நண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுல ஒண்ணு இந்த சாமான் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

நூலகர் அவளைப் பார்த்தார்.

"இதுக்குமா யோசிக்கிறீங்க?"

அந்த வாரம் முழுவதும் அவர் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதினார். புத்தகங்களை அடுக்கும்போதும், பேருந்தில் நிற்கும்போதும் திருத்தினார். முதலில் அதில் 'தயவுசெய்து' இருந்தது, 'தவறாக நினைக்காதீர்கள்' இருந்தது, தன் தவறும் இதில் உண்டு என்ற ஒப்புதலும் இருந்தது. ஒவ்வொன்றாக அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே வண்டி நின்றது. இன்னும் என்ன கொண்டுவந்திருக்கிறாரோ என்று சமையலறை வாசலில் மனைவியின் முகம் மாறியது.

"சார், வந்த விஷயம் என்னன்னா..."

நூலகர் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிராளி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க!"

கடைக்காரர் அசந்துபோனார். பிறகு நூலகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், இதை உங்க வாயாலயே சொல்வீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. நீங்க பெரிய மனுஷன்!"

எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. விளக்கு போனது, மேசை போனது. அலமாரி போவதற்காகத் தட்டி போனது. கூட வந்த தச்சர் கதவைக்கூட மாட்டிக் கொடுத்தார். கடைசியில் சிங்கங்கள் போயின.

ஜன்னல் இருந்தது. வெறும் தரையில் வெயில் நீளமாக விழுந்து கிடந்தது. ஒரு மூலையில் துணிமூட்டையும் அதன்மேல் டிவியும் இருந்தன. மனைவி சமையலறையிலிருந்து ஹால்வரை நேராக நடந்து வந்தாள். திரும்பிப் போய், இன்னொரு தடவை நேராக நடந்து வந்தாள்.

"கடைசியில வாயத் திறந்துட்டீங்களே" என்று சொல்லி டீ டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

நூலகர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்தார். எழுத்து தெரிந்தது. இந்த வீட்டுக்குப் பொருத்தமான ஆசனம் இந்தத் தரைதான் என்று தோன்றியது. அதை நல்ல வாக்கியமாக்க முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

கதவு தட்டப்பட்டது. மனைவி திறந்தாள். வண்டிக்காரர் முகத்தைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டு நீங்க இங்கயே உக்காந்துட்டா எப்படி சார்? வாங்க, வந்து முன்னாடி ஏறிக்குங்க. விடுதிக்கார அம்மா, படிக்கிற ஆளோட சேர்த்துல்ல வாங்கியிருக்காங்க!"