பதினோரு பேய்க்கு ஒரே சாவி

செவ்வாய்க்கிழமையானால் தூத்துக்குடியிலிருந்து பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் தொங்கக்கூட இடம் கிடைக்காது. எல்லோரும் தளவாய்க் கோடாங்கியின் கொட்டகைக்குத்தான். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வந்தபோதுகூட இத்தனை கூட்டம் கூடவில்லை. கப்பலில் கோதுமைதானே வந்தது, இங்கே பேயல்லவா வருகிறது!

புத்தி கலங்கியவர் யாராயிருந்தாலும் கோடாங்கி காலில் சங்கிலி போட்டுப் பூட்டிப் பனந்தூணில் கட்டுவார். பேய் இறங்கும் நாளில் உடுக்கையடித்தால் பூட்டு தானே திறந்துகொள்ளும். என்றைக்கு இறங்கும்? அது பேயின் சௌகரியம். அதுவரை கட்டுண்டு கிடப்பவர்களிடம் கூட்டம் குறி கேட்கலாம். "பேய் பொய் சொல்லாது வே" என்பது கோடாங்கியின் உத்தரவாதம்.

உப்பளத்தில் வேலை பார்த்த ஆறுமுகத்தாய் அங்கே வந்து நாற்பது நாளாகிறது. பிள்ளை பெற்றபின் பத்து நாள் தூங்காமல் அழுதாள். புருஷன் பேச்சிமுத்து பயந்துபோய்க் கொண்டுவந்து விட்டான். மூன்றாம் வாரமே தூக்கம் வந்தது, தெளிவும் வந்தது. பூட்டு மட்டும் திறக்கவில்லை.

"எனக்குச் சரியாப் போச்சு, அவுத்து விடுங்க" என்றாள். பேசுவது பேய் என்றார் கோடாங்கி. அழுதாள், அழுகுணிப் பேய் என்றார். வாயை மூடிக்கொண்டாள், ஊமைப் பேயாம்.

ஆனால் அவளுக்குக் கண் இருந்தது. பூட்டு திறக்கிற நாளில் மட்டும், கோடாங்கி, கட்டுண்டவர் காலில் திருநீறு பூசக் குனியுமுன் குடுமியைச் சொறிவார். கும்பிடுகிறவர்கள் கண்ணை மூடியிருந்ததால் அது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அந்தச் செவ்வாய் பேச்சிமுத்து வந்தான்.

"பிள்ள பால் குடிக்கா?" என்று கேட்டாள். பிள்ளை புட்டிப்பாலைத் துப்பித் துப்பி வாடிக்கொண்டிருந்தது.

அவன் கோடாங்கியிடம் திரும்பி, "சாமி, பேய் பிள்ளைய விசாரிக்கு" என்றான்.

பேய்தானே வேண்டும்? ஆறுமுகத்தாய் கூந்தலை அவிழ்த்துவிட்டாள்.

"ஏலே, பேய் பேசுதேன். நான் பொய் சொல்லுவனால?"

"சொல்ல மாட்ட தாயி." கூட்டம் விழுந்து கும்பிட்டது.

"கோடாங்கி குடுமிக்குள்ள சாவி இருக்கு. அத வாங்கி வச்சிக்கிட்டு, பூட்டு தானாத் திறக்குதான்னு பாருங்கல."

"இது பொய்யி" என்றார் கோடாங்கி.

"பேய் பொய் சொல்லாதுன்னு நீங்கதான சாமி சொன்னிய" என்று பேச்சிமுத்து பயபக்தியோடு குடுமியை அவிழ்த்தான். சாவி விழுந்தது. கோடாங்கி கை வலிக்க உடுக்கையடித்தார். பூட்டு அசையவில்லை. பேச்சிமுத்து சாவியைப் போட்டான், திறந்தது. அடுத்த தூணிலும் திறந்தது. முனி, மோகினி, கடலில் செத்தவன் என்று பதினோரு வகைப் பேய், எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. அதற்குள் கோடாங்கி திருநெல்வேலி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். எந்தப் பேயும் அவ்வளவு வேகமாக இறங்கியதில்லை.

கடைசித் தூணில் சங்கரம்மாள் தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிஜமாகவே நோய். சங்கிலி அறுத்த காலில் சீழ்.

"பெரியாஸ்பத்திரியில கொண்டு கட்டிப் போடுவோம்" என்றான் பேச்சிமுத்து.

ஆறுமுகத்தாய் குறுக்கிட்டாள். "கட்டவா கொண்டு போறோம்? மருந்து குடுக்கணும். அங்கனயும் அவ சொல்லுதத ஒருத்தர் உக்காந்து கேக்கணும்."

கூட்டத்தில் ஒருத்தி கைகூப்பினாள். "தாயி, நீ எந்தப் பேயி?"

"பேச்சிமுத்து பொண்டாட்டி" என்றாள் ஆறுமுகத்தாய். "நாப்பது நாளா மனுசியாப் பேசினேன், ஒருத்தர் காதுலயும் ஏறல. இன்னைக்குப் பேயாப் பேசினேன், ஊரே கேட்டுது. இப்பச் சொல்லுங்க, வைத்தியம் ஆருக்குப் பாக்கணும்?"