மூன்றாம் மாடி ஷவரும் செங்கமலம் என்னும் கோழியும்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் மூன்றாம் மாடிக்குச் செங்கமலம் என்ற கோழி குடிவந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. காட்டைத் தினமும் எழுப்பிவிடும் கூவல் வாரியத்தில் வைகறைக் கூவலர் வேலை. அதுவரை சேவல்கள் மட்டுமே பார்த்துவந்த வேலை அது.

"பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியப்போகுது?" என்று காடே சிரித்தது. செங்கமலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிவத்தை மூன்று பிரதி எடுத்து, நகக்குறி வைத்து அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பரிதிவாணன். அவர் ஒரு நரி.

"பயப்படாதீங்கம்மா, சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார். "இங்க ஷவர்ல குளிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல பச்சைத் தண்ணியைத் திறங்க. அப்புறம் வெந்நீரைக் கொஞ்சங்கொஞ்சமா கூட்டுங்க. கால் விரலால தொட்டுப் பார்த்துட்டுத்தான் கீழ நிக்கணும். தரைத்தளத்துல யானை பெரியநாயகியம்மா இருக்காங்க. அவங்க குழாயைத் திறந்தா உங்களுக்குப் பச்சைத் தண்ணி நின்னுபோயிடும், கொதிக்கிறது மட்டும்தான் வரும். சட்டுனு விலகிடுங்க."

செங்கமலம் தலையாட்டினாள். அவர் போனதும் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். கோழிக்கு வெந்நீர்ப் பதம் சொல்லித்தர ஒரு நரி!

எதிர்வீட்டுக் காக்கை அஞ்சுகம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா சொல்லிட்டுப் போறாரு?"

செங்கமலம் சொன்னாள்.

"நம்பாதீங்கக்கா. எங்க வம்சத்துல நரி பேச்சைக் கேட்டு வாயைத் திறந்தவர் ஒருத்தர்தான். அன்னிக்கு விட்டது இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. அது சொன்னதுக்கு நேர்மாறா செய்ங்க, தப்பிச்சுக்கலாம்."

செங்கமலத்துக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் விடிவதற்குச் சற்று முன்பு குளிக்கப் போனாள். முதலில் ஷவருக்கு நேர் கீழே போய் நின்றாள். பிறகு வெந்நீர்க் குமிழைக் கடைசிவரை திருகினாள். குழாயில் கிடந்த பழைய தண்ணீர் சில்லென்று விழுந்தது. 'பாத்தியா, நரி புளுகுது' என்று நினைத்தாள். போனால் போகிறது என்று பச்சைத் தண்ணீரையும் லேசாகத் திறந்துவைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தரைத்தளத்தில் பெரியநாயகியம்மாள் தும்பிக்கை கழுவக் குழாயைத் திறந்தார்.

செங்கமலம் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதை எழுத்தில் எழுத முடியாது. ஆற்றுக்கு அக்கரையில் மான்கள் எழுந்து நின்றன. போன மழைக்காலத்திலிருந்து உறங்கிக்கொண்டிருந்த கரடி எழுந்து பல் தேய்த்தது. கரையில் வாயைப் பிளந்து கிடந்த முதலை வாயை மூடிக்கொண்டது.

பரிதிவாணன்தான் முதலில் ஓடிவந்தார். கதவை உடைத்து, குமிழை மூடி, வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீரை அவள்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். பின்னாலேயே அஞ்சுகம் கைமருந்து என்று மஞ்சளும் உப்பும் எடுத்துவந்தாள். சுற்றிலும் ஆவி, எதிரே நரி, பக்கத்தில் மஞ்சள், உப்பு. செங்கமலம் மயங்கி விழுந்துவிட்டாள்.

"மஞ்சள் வேண்டாங்க, பச்சைத் தண்ணி போதும்" என்று நரி சொன்னது அவள் காதில் விழவில்லை.

பத்து மணிக்கு, வால் இறகு ஒன்றுகூட இல்லாமல், ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். வரிசையில் நின்ற நாற்பது சேவல்களும் கொண்டையைத் தடவிக்கொண்டு சிரித்தன. வாரியத் தலைவர் ஆந்தை, சிவந்த கண்களோடு வந்து உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு வருஷமா சேவல் கூவுது, ஒரு நாளும் என் தூக்கம் கெட்டதில்ல. இன்னிக்குக் கெட்டுடுச்சு. யாருது அந்தக் குரல்?"

செங்கமலம் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னோடதுதாங்க" என்றாள்.

அங்கேயே உத்தரவு தந்தார்கள். நாளை முதல் தினமும் அதே நேரத்தில் அதே குரல்.

வீட்டுக்கு வந்து கூவிப் பார்த்தாள். "கொக்" என்றுதான் வந்தது. பரவாயில்லை, காலையில் குளிக்கும்போது தானாக வந்துவிடும் என்று படுத்துக்கொண்டாள்.

ஆனால் பரிதிவாணனுக்கு மனம் கேட்கவில்லை. அன்று மதியமே மரங்கொத்தி பிளம்பரை அழைத்துவந்து, யார் எந்தக் குழாயைத் திறந்தாலும் சூடு ஏறாதபடி கட்டிடம் முழுவதற்கும் வால்வு போட்டுவிட்டார். ஹீட்டரின் சூட்டையும் குறைத்துவைத்தார்.

மறுநாள் செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு ஷவரின் கீழே நின்றாள். இளஞ்சூடாகத் தண்ணீர் விழுந்தது. இறகின் அடிவரை இறங்கியது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சுகத்தை அவள் அறிந்ததில்லை. கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, அரை மணி நேரம் நின்றாள். காடு முழுவதும் மத்தியானம்வரை தூங்கியது.

விசாரணை நடந்தது. "அரசுப் பணியாளரைக் கடமை செய்யவிடாமல் தடுத்தது யார்?" என்று ஆந்தை கேட்டார்.

செங்கமலம் பரிதிவாணனைப் பார்த்தாள். அவர் கையில் அவளுக்கென்று வாங்கிவந்த தீக்காய மருந்து இருந்தது. ஆனால் நிரந்தர வேலை.

"நரிதாங்க" என்றாள். "வெந்நீர் சுடாம பண்ணிட்டாரு."

"நான் அப்பவே சொன்னேன், நரி நரிதான்" என்றாள் அஞ்சுகம். கூட்டம் ஆமோதித்தது. பரிதிவாணனைக் காட்டைவிட்டு அனுப்பினார்கள். வால்வைக் கழற்றி, ஹீட்டரின் சூட்டையும் பழையபடி ஏற்றினார்கள். பெரியநாயகியம்மாளுக்கு அரசுக் குழாய் திறப்பாளர் என்ற பதவி தந்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் காட்டில் பொழுது சரியான நேரத்துக்கு விடிகிறது. செங்கமலத்துக்கு மட்டும் இன்னும் வால் முளைக்கவில்லை.

நீதி: நரியின் பேச்சை ஒருபோதும் கேட்காதே. கேட்டால் சுகமாகக் குளிப்பாய், வேலை போய்விடும்.