டீக்குப் பிடித்த தோஷம்

கோலார் தங்கவயலில் கடல் கிடையாது. அலையைப் பார்க்க வேண்டுமானால் அரை நாள் பயணம் போகவேண்டும். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் சமுத்திரச்சாமி வந்து சேர்ந்தார். கடலைப் பார்க்காத ஊரில் கடலைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா?

நீலப் பட்டு வேட்டி. கழுத்தில் சோழி மாலை. காலில் மரப் பாதக்குறடு. கையில் தேங்காய்ப் பருமனுக்கு ஒரு சங்கு. வந்த வேனின் உச்சியில் ஒலிபெருக்கி.

"வாசல் கொட்டகைக் கால் உளுத்துப் போவுதா? அது மழையில்ல, கறையானில்ல, மரதோஷம்! எங்க ஆசிரமம் முழுக்க மரம். அலைக்கு நடுவுல நிக்குது. ஒரு சொட்டு எண்ணெய் தடவினதில்ல. கடல் காத்தையே அடக்கினவன் நான். உங்க ஊரு சுரங்கக் கழிவு சயனைட் மேட்டுக் காத்து எனக்கு எம்மாத்திரம்?"

ஸ்கெலட்டன் என்ற அந்தச் சுரங்கக் குடியிருப்பே கூடியது. பக்கத்துக் குடியிருப்பான பாலகாட்டிலிருந்தும் ஆட்டோவில் வந்தார்கள். தினமும் ரயிலேறி பெங்களூர் போய் செக்யூரிட்டி வேலை பார்க்கும் மனோகர், சாமியின் வீடியோவைத் தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டான். இறந்துபோனவர் நம்பருக்குக்கூட அனுப்பினான். அவரும் ஒருவேளை ஆவியாக வந்து க்யூவில் நின்றிருக்கலாம், யார் கண்டது!

சாமியின் முறை எளிது. முதல் பாட்டிலை எடுத்து மரக்காலில் 'புஸ்' என்று அடிப்பார். பழுப்பு மரம் கண்ணெதிரே கன்னங்கரேல் என்று கறுக்கும். "தோஷம் வெளிய வருது!" என்பார். கூட்டம் பின்வாங்கும். அப்புறம் மரத்தின் அடியில் ஒரு சின்னத் துளை. அதில் வைக்க வீட்டுக்காரர் ஒரு பொட்டுப் பொன் கொடுக்க, சாமியே தன் திருக்கையால் உள்ளே வைத்து மெழுகால் அடைப்பார். இரண்டாவது பாட்டிலை அடிப்பார். கறுப்பு கரைந்து ஓடிவிடும். கைதட்டல். கடைசியில் ஒரு கட்டளை: "இனிமே அந்த மரத்துமேல உளி, ஆணி, பிரஷ் எதுவும் படக்கூடாது. பட்டா தோஷம் திரும்பும்."

மண்ணுக்குள் கிடந்த தங்கத்தைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி யாருக்கோ கொடுத்த ஊர். மூக்கிலும் காதிலும் மிஞ்சியிருந்ததை இப்போது சாமிக்குக் கொடுத்தது.

ராணியும் மூக்குத்தியைக் கொடுத்தாள். அவளுடைய டீக்கடை நீலகிரி மரக் கால்களின்மேல் நிற்கும் தகரக் கொட்டகை. அவளுடையது பௌத்தக் குடும்பம். தாத்தா காலத்திலேயே சாமியை விட்டாகிவிட்டது. ஆனால் இந்த ஆசாமியை விட முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ராணியின் தங்கை ஷாலினி லீவில் வந்தாள். மேற்குக் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் வேலை. அலையோரம் போட்டிருக்கும் மரத்தளம், மரப்படி, மரப்பாலம் எல்லாவற்றையும் பராமரிக்கும் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர். வந்தவள் பையை இறக்கும் முன்பே கடையின் மூலைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

"அக்கா, இது இன்னா இப்டி கீது? மண்ணுக்குள்ள புதைச்ச கால், சுத்தி கழனித்தண்ணி வேற ஊத்துற. இன்னிக்கே மாத்தணும்."

"தொடாதடி! சாமி மந்திரிச்ச காலு அது!"

"மந்திரிச்சா தண்ணி உறிஞ்சாதா?"

"கடல்ல இருக்கறவரே சொல்றாரு. நீ பெருசா பேச வந்துட்டே."

"நானும் கடல்லதான்க்கா கீறேன்."

ராணி காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை ரயில் பிடிக்கிற கூட்டம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மூலைக்கால் 'மடக்' என்று உட்கார்ந்தது. தகரம் சரிந்தது. அடுப்பிலிருந்த பால் அண்டா புரண்டு, கொதிக்கும் பால் ராணியின் காலுக்கு அரை முழம் தள்ளி வழிந்து ஓடியது. ஷாலினி அக்காவைப் பின்னால் இழுத்திருக்காவிட்டால் ராணியின் பாதம் வெந்திருக்கும்.

ராணிக்கு ஆறுதல் சொல்லச் சாமியே எழுந்தருளினார். "பாத்தியாம்மா? தோஷம் ஆழமா இருக்கு. மூக்குல இருந்தது பத்தல. காதுல இருக்கறதையும் குடு."

ராணி கம்மலின் திருகைத் திருகத் தொடங்கினாள். ஷாலினிக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. ஆனால் அவள் கத்தவில்லை. கும்பிட்டாள்!

"சாமி, கம்மலும் குடுக்கறோம். அதுக்கு முன்னாடி தோஷம் எங்கெங்க ஒட்டிக்கீதுன்னு பாத்துடலாம். பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க."

கூட்டத்தின் முன்னால் எப்படி மறுப்பது? சாமி முதல் பாட்டிலைக் கொடுத்தார். ஷாலினி நேராக அடுப்புப் பக்கம் போனாள். பால் ஊற்றாத டிகாக்ஷனை ஒரு கண்ணாடி கிளாசில் பிடித்தாள். பாட்டிலைத் திருப்பி 'புஸ், புஸ்' என்று அடித்தாள்.

டிகாக்ஷன் மையாகக் கறுத்தது.

"அய்யோ, டீக்கும் தோஷமா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா. ஒரு கணம் உண்மையாகவே பயந்துபோய் நெஞ்சில் கைவைத்தாள். பிறகு ஏதோ தோன்ற, இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்துக் கொட்டைப்பாக்கை நீட்டினாள். "இதுலயும் அடி, பாக்கலாம்."

அடித்தாள். பாக்கும் கறுத்தது.

"தினம் தோஷத்தையா மென்னுகினு இருந்தேன்!"

முதல் சிரிப்பு அங்கே வெடித்தது. அவ்வளவுதான். ஆளாளுக்கு எதையெதையோ நீட்டினார்கள். கிரிக்கெட் ஸ்டம்ப், வாழைக்காய்த் தோல், சப்பாத்திக் கட்டை, எல்லாம் கறுத்தன. "மேடம், பிளாஸ்டிக் சேர்ல அடிங்க" என்றான் மனோகர். அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. "ஒன்லி பிளாஸ்டிக்தான் புண்ணியாத்மா!" என்று எவனோ கூவினான். கடைசியாக ஷாலினி குனிந்து சாமியின் பாதக்குறட்டில் அடித்தாள். சாமி நின்ற இடத்திலேயே கறுக்கத் தொடங்கினார், கீழிருந்து மேலாக.

"இது அன்னபேதித் தண்ணி" என்றாள் ஷாலினி. "இரும்புச் சத்து. மரத்துலயும் டீலயும் பாக்குலயும் துவர்ப்பு கீது. ரெண்டும் சேந்தா கறுப்பு. எங்க ரிசார்ட்ல ஒருத்தன் துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்க்ரூவுக்குப் பதிலா சாதா ஆணி அடிச்சிட்டான். ஒரு மழைதான், ஆணியச் சுத்தி இதே கறுப்பு வழிஞ்சிச்சி. கறை எடுக்கற ஆசிட் ஊத்திக் கழுவினோம். அதான் இவரோட ரெண்டாவது பாட்டிலு."

இரண்டாவது பாட்டிலைப் பிடுங்கி டீயில் அடித்தாள். கறுப்பு வெளுத்தது. "யாரும் குடிச்சிடாதீங்க" என்று கிளாசைச் சாக்கடையில் கொட்டினாள்.

"சமுத்திரராஜன் கோபிப்பான்!" என்றார் சாமி.

"அவரு வர்றதுக்கு அரை நாளாகும் சாமி" என்றான் மனோகர். நேற்றுவரை வீடியோ எடுத்த அதே போனில் இப்போதும் எடுத்துக்கொண்டிருந்தான்.

ராணிதான் முதலில் கத்தியை எடுத்தாள். சரிந்து கிடந்த காலின் மெழுகைக் குடைந்தாள். உள்ளிருந்து விழுந்தது, புடவையில் தைக்கிற ஜிகினாப் பொட்டு. "என் மூக்குத்தி எங்கடா?" என்று அவள் போட்ட சத்தத்தில் சாமி வேனுக்கு ஓடினார். பாதக்குறடு போட்டு ஓடுவது எந்தச் சாமிக்கும் கைவராத வித்தை. குப்புற விழுந்தார். சங்கு உருண்டது. கலகலவென்று குலுங்கியது.

தாயம்மா அதை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். "அலைச் சத்தம் இல்லியே. எங்க நகை சத்தம்தான் கேக்குது!"

கவிழ்த்தால் மூக்குத்தியும் மோதிரமும் உடைந்த தோடுமாகக் கொட்டின. போலீஸ் வரும்வரை சாமி அந்தப் பிளாஸ்டிக் சேரில்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஷாலினி புதுக்கால்களை நிறுத்தினாள். அடியில் சிமென்ட் கட்டை, அதன்மேல் துத்தநாகம் பூசிய இரும்புக் கவசம், மண் படாமல் மேலே மரம். அறுத்த முனைகளில் எண்ணெய் ஊறவிட்டாள்.

"கடலோரத்துல இன்னும் கஷ்டம்" என்றாள். "உப்பை நல்ல தண்ணில கழுவணும், மழை முடிஞ்சா திரும்ப எண்ணெய் அடிக்கணும். விட்டா மரம் போயிடும். அலைக்கு நடுவுல சும்மா நிக்கிற மரத்தை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

ராணி பயபக்தியோடு கேட்டாள்: "அடுத்த எண்ணெய் அடிக்க எது நல்ல நாளு?"

"மரம் காஞ்ச நாளு."

மரத்துக்கு மூளை இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள அது மனிதனை நம்பி நிற்கிறது. பாவம், அதற்கு வேறு வழியில்லை. உங்களுக்குமா இல்லை?